பெத்தாவை ஊஞ்சலில் இருத்தலாமா?

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கிறேன். வயது 26. உயர்தரம் படிக்கும்போது தி. ஜானகிராமனின் சிறுகதைத் தொகுப்பு ஒன்று கைக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து எனக்கு அவர்தான். 3 வருடத்தில் 11 கதைகள் எழுதிவிட்டேன். ஒன்றும் பிரசுரமாகவில்லை. ஒரு சஞ்சிகை ஆசிரியர் மட்டும் "நடை நல்லது, ஆனால் இது உங்கள் நடை இல்லை" என்று பதில் போட்டார். ஜானகிராமனை வாசிப்பதையே நிறுத்திவிடவா? நிறுத்தினால் எழுதவே தோன்றாமல் போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது. ஒரு கதையின் முதல் பக்கத்தை இத்துடன் அனுப்புகிறேன்.

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

வாசிப்பதை நிறுத்த வேண்டாம். இத்தனை வருடமாகக் காதில் ஏறிய குரல், புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டியதும் இறங்கிப் போகாது. உங்களை எழுத வைத்தவரும் அவர்தான். அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டு எரியவில்லையே என்று ஊதிக்கொண்டிருப்பானேன்? மாற வேண்டியது நீங்கள் அவரை வாசிக்கும் விதம்.

நீங்கள் அனுப்பிய பக்கத்திலிருந்தே தொடங்கலாம். அது இப்படித் தொடங்குகிறது:

"கூடத்து ஊஞ்சலில் பாட்டி சாய்ந்திருந்தாள். சொல்லத் தெரியாத ஓர் ஏக்கம் அவள் கண்களில் தேங்கி நின்றது. 'வந்துட்டியாடீம்மா' என்றாள். காப்பி மணம் வீடெங்கும் ஒரு ராகம் போலப் பரவியது."

கதை நடப்பது திருக்கோவிலில். உங்கள் வீட்டில் கூடம் எங்கே, அதில் ஊஞ்சல் எங்கே? உங்கள் ஊரில் பாட்டியைப் பெத்தா என்பார்கள். உங்கள் பெத்தா உங்களை 'டீம்மா' என்றா கூப்பிடுவா, 'புள்ள' என்றா? பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்குக் குசினியில் கொதித்தது காப்பியா, தேத்தண்ணியா? இந்த 4 வாக்கியங்களில் உங்கள் ஊர் ஒரு சொல்லில்கூட இல்லை. கூடம், ஊஞ்சல், காப்பி, ராகம் எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாமான்கள். அழகாக இருக்கிறதே என்று ஜானகிராமன் அவற்றைப் பொறுக்கி வைக்கவில்லை. காவிரிக்கரை வீடுகளில் அவை இருந்தன. அவர் சங்கீதம் கற்றவர், அதனால் அவர் காதில் ராகம் இருந்தது. உங்கள் பக்கத்தில் அவை விருந்தாளிகள்.

இதைவிட முக்கியமான பிழை இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. 'சொல்லத் தெரியாத ஓர் ஏக்கம்' என்று உணர்ச்சியின் பெயரை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஜானகிராமனின் நல்ல கதையொன்றைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அங்கே பாரத்தைச் சுமப்பது பேச்சு. ஆட்கள் வாயில் ஒன்று வரும், மனதில் இன்னொன்று ஓடும். பாதியில் நிறுத்துவார்கள், மற்றப் பாதியை வாசகர் தானாகவே கேட்டுக்கொள்வார். அதாவது, அவருடைய சாமான்களை எடுத்துக்கொண்டு அவருடைய வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் 11 கதைகளும் இதே இடத்தில்தான் இடறியிருக்கும் என்று நினைக்கிறேன். நேசிக்கும் எழுத்தாளரைப் பின்பற்றுகிற அநேகமான புதியவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள். சொல்லும் உவமையும் மேலே தெரிகின்றன, கை உடனே அவற்றை எடுத்துவிடுகிறது. கேட்கும் விதமும் விட்டுவிடும் விதமும் அடியில் கிடக்கின்றன.

ஜானகிராமனுக்கும் இப்படி ஒருவர் இருந்தார். கும்பகோணத்தில் அவர் நெருங்கிப் பழகிய சிறுகதை எழுத்தாளர் கு.ப. ராஜகோபாலன்தான் அவர். கு.ப.ரா. 1944இல் காலமானார். அவருடைய கதைகள் பல சில பக்கங்களிலேயே முடிந்துவிடும். பெண்களின் மனதுக்குள் நடப்பதை உரத்துச் சொல்லாமல் காட்டுவார். ஜானகிராமன் அந்தச் சொல்லாமல் காட்டும் பழக்கத்தை எடுத்துக்கொண்டார். கு.ப.ரா.வின் சுருக்கத்தை எடுக்கவில்லை. அதில் நீண்ட உரையாடலையும் சங்கீதத்தையும் காவிரியையும் கொண்டுவந்து சேர்த்தார். இருவரிடமிருந்தும் ஒவ்வொரு கதை எடுத்து ஒரே நாளில் அடுத்தடுத்து வாசியுங்கள். வாசித்த பின் கொப்பியில் நடுவே கோடு கிழித்து, மாணவர் வைத்துக்கொண்டது எது, விட்டது எது என்று இரு பக்கமும் எழுதுங்கள். ஓர் எழுத்தாளர் இன்னொருவரிடமிருந்து எப்படிக் கற்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. ஜானகிராமனும் உங்களைப் போலப் பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு வானொலியில் வேலை பார்த்தவர். முழுநேரமும் எழுதிக்கொண்டிருந்தவரில்லை.

இனிச் செய்ய வேண்டிய வேலை. ஒரு நாளைக்கு 40 நிமிடம் போதும், 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

முதலில், தொகுப்பு முழுவதையும் மூடி வையுங்கள். ஒரே ஒரு கதையை எடுங்கள், 10 பக்கத்துக்கு உட்பட்டதாக. அதை 3 தடவை வாசிக்க வேண்டும். முதல் தடவை ரசித்து. இரண்டாவது தடவை பென்சிலோடு: காலம் எங்கே தாவுகிறது, யாருடைய கண்ணால் பார்க்கிறோம், ஆள் உள்ளே வருவதும் வெளியே போவதும் எங்கே என்று ஓரத்தில் குறியுங்கள். மூன்றாவது தடவை வாய்விட்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அப்போது மூச்சுக்குத் தெரியும். எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறது, எங்கே தானாக நிற்கிறது என்பதுதான் நடை. வகுப்பில் உரக்க வாசித்துப் பழகியவர் நீங்கள், இது உங்களுக்குச் சுலபம்.

அடுத்து, அந்தக் கதையில் ஒரு பக்கத்தை, சுமார் 250 சொல், கையால் பார்த்தெழுதுங்கள். தட்டச்சு வேண்டாம், அது வேகம் கூடியது, பார்க்காமலே போய்விடும். 30 நிமிடத்துக்கு மேலும் வேண்டாம். அதற்குப் பிறகு கை மட்டும் ஓடும், கண் தூங்கிவிடும். மறுநாள் புத்தகத்தைத் திறக்காமல் அதே பக்கத்தை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அநேகமாக மூன்று வித்தியாசம் தெரியும். அவர் வினைச்சொல்லால் சொன்னதை நீங்கள் 'மெல்லிய', 'சோகமான' என்று அடைமொழியால் சொல்லியிருப்பீர்கள். அவர் சும்மா விட்ட இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நீங்கள் 'ஆனால்', 'ஏனென்றால்' போட்டு ஒட்டியிருப்பீர்கள். அவர் 'என்றாள்' என்று முடித்த இடத்தில் நீங்கள் 'என்று வேதனையோடு சொன்னாள்' என்று எழுதியிருப்பீர்கள். மூன்றும் உங்கள் சொந்தப் பழக்கங்கள், அவரிடமிருந்து வந்தவை இல்லை. உங்கள் கதைகளில் வெட்ட வேண்டியவற்றின் பட்டியல் இதிலிருந்தே கிடைத்துவிடும். இதை 5 பக்கம் வரை செய்யலாம். அதற்கு மேல் செய்தால் கை அவருடைய ஓட்டத்துக்குப் பழகிவிடும், இப்போதுள்ள வியாதி கூடும்.

மூன்றாவதாக, வர்ணப் பென்சில். அவருடைய ஒரு பக்கத்தில் பேச்சுக்கு நீலம், கையால் தொடக்கூடிய பொருளுக்குப் பச்சை, உணர்ச்சியின் பெயருக்குச் சிவப்பு. உங்கள் பக்கத்துக்கும் அப்படியே செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் 22 வாக்கியங்களில் 9 இடத்தில் ஏக்கம், வெறுமை, தவிப்பு, பரிதவிப்பு என்று சிவப்பு விழுகிறது. பச்சை விழும் 6 இடத்தில் 4 காவிரிக்கரைச் சாமான். இதைப் பார்த்து மனம் தளரத் தேவையில்லை. எண்ணிக்கை கையில் இருந்தால் திருத்துவது சுலபம். அடுத்த வரைவில் சிவப்பு ஒரு பக்கத்துக்கு 2க்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கதையின் எலும்புக்கூட்டை எடுத்துப் பழகும் பயிற்சியும் உண்டு. அவருடைய கதையை 8 வரியில் சுருக்கி, ஒவ்வொரு வரியிலும் 'யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது' என்பதை மட்டும் எழுதி, அந்த 8 வரியின் மேல் உங்கள் ஊர்க் கதையைக் கட்டுவது. பெயரை மட்டும் மாற்றினால் அது பயிற்சி ஆகாது. ஊர், தொழில், முடிவு மூன்றும் மாற வேண்டும். இப்படி எழுதியதை எந்தச் சஞ்சிகைக்கும் அனுப்ப வேண்டாம், அது கொப்பிக்குள்ளேயே இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் கூடுதல் நேரம் கேட்பது செவிக் கொப்பி. சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய கொப்பி ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் காதில் விழுந்த பேச்சில் 5 வரி, கேட்டது கேட்டபடி. அக்கரைப்பற்று பஸ்ஸில், சந்தையில், வட்டைக்கு, அதாவது வயலுக்கு, போகிறவர்கள் தேத்தண்ணிக் கடையில் நிற்கும்போது, ஆசிரியர் அறையில். பேசியவரின் பெயர் எழுத வேண்டாம். யார் யாருக்குச் சொன்னது, என்ன முறை சொல்லிக் கூப்பிட்டது, எங்கே நிறுத்தியது என்பவைதான் வேண்டும். 'என்னகா' என்பதை யார் யாரிடம் சொல்கிறார்கள், யாரிடம் மறந்தும் சொல்லமாட்டார்கள் என்று ஒரு கிழமை கவனித்துப் பாருங்கள், ஒரு கதைக்குப் போதுமான உறவு அதற்குள் இருக்கும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குத் திருக்கோவில் நிறையும் நாட்களிலும், தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில் திருக்குளிர்த்திச் சடங்கு நாட்களிலும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் உறவினரைக் கண்டு பேசுவார்கள். பல மாதம் சொல்லாததை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பேச்சு அது. ஒரு மாதத்தில் 150 வரி சேரும். கதைக்கு உதவுவது 10 அல்லது 15தான். மிச்சமெல்லாம் செவியைத் தீட்டியதோடு சரி.

வட்டார வழக்கைக் கதைக்குள் கொண்டுவரும்போது நடக்கும் பிழைகளையும் சொல்லிவிட வேண்டும். புதிதாக ஊர்ப்பேச்சைக் கண்டெடுத்தவர்கள் அதைப் பக்கம் முழுக்கத் தூவிவிடுகிறார்கள். பிறகு அடைப்புக்குறிக்குள் பொருள் சொல்கிறார்கள். இரண்டும் வேண்டாம். 'மறுகா வாறன் எண்டு போனவன் பொழுதுபட்டும் வரல்ல' என்று எழுதினால், 'மறுகா' என்ற சொல்லைக் கேட்டே இராத யாழ்ப்பாணத்து வாசகருக்கும் பொருள் தெரிந்துவிடும். வாக்கியமே சொல்லை விளக்கும்படி வையுங்கள். ஒரே சொல்லைக் கதை முழுக்க ஒரே எழுத்தில் எழுதுங்கள். ஓரிடத்தில் 'எண்டு', இன்னோரிடத்தில் 'என்டு' என்றிருந்தால் அச்சுப்பிழை போலத் தெரியும். கதை சொல்பவரின் குரல் எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா என்பதை முதல் பத்தியிலேயே முடிவு செய்து, கடைசிவரை அதில் நில்லுங்கள்.

இந்த மாவட்டத்துக்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இங்கே சில கிலோமீற்றருக்குள் பேச்சு மாறுகிறது. உம்மா, வாப்பா, காக்கா, ராத்தா என்று கூப்பிடும் வீட்டுக்கும் அம்மா, அப்பா, அண்ணன், அக்கா என்று கூப்பிடும் வீட்டுக்கும் நடுவே ஒரு வீதிதான் இருக்கும். அக்கரைப்பற்றுப் பாத்திரம் ஒன்றை எழுதினால் அந்த ஊரவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டாமல் அனுப்பாதீர்கள். ஒரு முறைப்பெயர் பிழைத்தாலும் உள்ளூர் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார், அதில் நியாயமும் உண்டு.

ஒருவரையே நேசித்து ஒருவரையே வாசித்தால் அவருடைய நகல் வரும். பக்கத்தில் இன்னும் இரண்டு மூன்று குரல் வேண்டும், அவற்றில் ஒன்றாவது உங்கள் மண்ணிலிருந்து. பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணன் (1931–1975) நெற்செய்கையையும் அதைச் சுற்றிய வாழ்வையும் 'வேளாண்மை' என்று ஒரு காவியமாகவே எழுதினார். வட்டைச் சொற்கள் யாப்புக்குள் எவ்வளவு இயல்பாக உட்காருகின்றன என்று அதில் பார்க்கலாம். எஸ்.எல்.எம். ஹனீபாவின் 'மக்கத்துச் சால்வை' தொகுப்பில் கிழக்கின் முஸ்லிம் கிராமங்களின் பேச்சைக் கேட்கலாம். கல்முனை உமா வரதராஜனின் 'அரசனின் வருகை' நேர் எதிரான பாடம்: வட்டார வழக்கை நம்பாமல், ராசா கதை சொல்வதுபோலச் சொல்லி, போர்க்காலத்தைப் பேசுகிறது. ஊர்ச்சொல் நிறைந்தால்தான் ஊர்க்கதை என்ற எண்ணம் வந்துவிடாமல் இருக்க அதையும் வாசித்தாக வேண்டும். சொற்களுக்கு வி.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இருக்கிறது. கடைகளில் கிடைக்காத ஈழத்து நூல்கள், பழைய சஞ்சிகைகள் பலவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம்.

வரைவு எழுதும் நாட்களுக்கு மட்டும் ஒரு தடை உண்டு. கதை எழுதத் தொடங்குவதற்கு 10 நாள் முன்பிருந்து முதல் வரைவு முடியும்வரை ஜானகிராமனைத் தொடாதீர்கள். அந்நாட்களில் கட்டுரை, பத்திரிகைச் செய்தி, வரலாறு என்று எதையாவது வாசியுங்கள். எழுதும்போது, கதையின் நடுவில் வரும் காட்சியை முதலில் எழுதுங்கள். நேசிக்கும் எழுத்தாளரின் குரல் மூன்று இடத்தால் உள்ளே வரும்: முதல் பத்தி, கடைசிப் பத்தி, மழையோ நிலாவோ வர்ணிக்கும் இடம். நமக்கு நிச்சயமில்லாத இடங்கள் அவைதான், பயந்த கை தெரிந்த கையைப் பிடித்துக்கொள்கிறது. நடுக்காட்சியில் ஆட்கள் ஏதாவது ஒன்றைச் செய்தாக வேண்டும், அங்கே அவர் அவ்வளவாக நுழையமாட்டார். முடித்தபின் முதல் பத்தியை வெட்டிவிட்டு வாசித்துப் பாருங்கள். பத்தில் ஏழு கதைக்கு அது தேவைப்படாது.

வரைவை ஒரு கிழமை ஆறப்போட்டு எடுங்கள். 'அருமையாக வந்திருக்கிறது' என்று நீங்கள் மகிழும் வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இதை அவருடைய புத்தகத்துக்குள் செருகினால் யாருக்காவது தெரியவருமா என்று கேளுங்கள். தெரியவராது என்றால் அது அவருடையது, வெட்டிவிடுங்கள். வலிக்கத்தான் செய்யும், ஆனால் இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போட்டால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

சட்டப் பக்கமும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய நடையைக் கற்பதையோ, அவர் தொட்ட பொருளைத் தொடுவதையோ யாரும் தடுக்க முடியாது. வாக்கியங்களை எடுப்பது வேறு விஷயம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் உண்டு. ஜானகிராமன் 1982இல் மறைந்தார். பார்த்தெழுதிய பக்கங்களுக்கு வேறு கொப்பி வையுங்கள். கதைக் கொப்பியிலேயே எழுதினால், 2 வருடம் கழித்து அவருடைய வரி எது, உங்கள் வரி எது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். தெரியாமல் நடக்கும் களவு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

உங்கள் முதல் பத்திக்குத் திரும்புவோம். கீழே உள்ளது உங்கள் கதைக்கான திருத்தம் இல்லை, வழி காட்டுவதற்கு மட்டும்:

"பெத்தா விறாந்தைக் குந்தில் இருந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்தா. பஸ் நின்ற சத்தம் கேட்டிருக்கும். தலை நிமிரவில்லை. 'சாப்பிட்டயா புள்ள' என்றா. ஓம் என்றேன். பாக்கு எப்பவோ தூளாகிவிட்டது. அவ இன்னும் இடித்துக்கொண்டிருந்தா."

ஏக்கம் என்ற சொல் இதில் இல்லை, இடிக்கிற கையில் அது இருக்கிறது. பேச்சு பாதியில் நிற்கிறது. இந்த இரண்டும் ஜானகிராமனிடம் கற்றுக்கொள்ளக்கூடியவை. குந்தும் 'பெத்தா'வும் 'புள்ள'யும் உங்கள் வீட்டுக்குரியவை. உங்கள் பெத்தா பாக்கு இடிப்பவவா, பன்பாய் பின்னுபவவா, சுளகை மடியில் வைத்து அரிசி பிடைப்பவவா என்பது உங்களுக்குத்தான் தெரியும். அவவுடைய கை துக்கத்தில் என்ன செய்யும் என்பதை நினைத்துப் பார்த்து, அதிலிருந்து பத்தியை மறுபடி எழுதுங்கள்.

11 கதைகளையும் ஒரேயடியாகத் திருத்தப் புறப்பட வேண்டாம். பெத்தா கதையை மட்டும் எடுங்கள். 3 மாதம் முடிந்ததும், 2000 சொல்லுக்கு மேற்படாமல், யுனிகோட் எழுத்துருவில், ஒரே ஒரு சஞ்சிகைக்கு அனுப்புங்கள். 3 மாதம் பதில் வராவிட்டால் அவர்களுக்கு ஒரு வரி எழுதித் தெரியப்படுத்திவிட்டு அடுத்த சஞ்சிகைக்கு அனுப்பலாம். முன்பு பதில் போட்ட அந்த ஆசிரியருக்கே முதலில் அனுப்பினால் நல்லது. வாசிக்காமல் அப்படி ஒரு வரி எழுதியிருக்கமாட்டார்.